முக்காணியில் நின்ற வண்டி

ஆறுமுகநேரி,
1946, ஆடி மாதம்.

செந்தூர் வேலவன் காவல்.

கொழும்பில் இருக்கும் மகள் செண்பகத்துக்கு அப்பா எழுதுவது.

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அதைக் கொழும்பிலேயே வைத்துக்கொள்வதென்று மாப்பிள்ளை பால்துரை எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்தது அநியாயம். அதற்கு அவர் சொன்ன காரணம் அதைவிடப் பெரிய அநியாயம். பிள்ளைத்தாய்ச்சியை அந்தத் தகரடப்பாவில் ஏற்றமாட்டேன் என்று எழுதியிருக்கிறார். நான் வாடகைக்குக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன். வண்டியை வைதால் என்னை வைததுதான்.

மாசித் திருவிழாவுக்கு வந்துவிட்டு நீங்கள் கப்பலுக்குத் திரும்பியபோது தூத்துக்குடிச் சாலையில் முக்காணி தாண்டி வண்டி நின்றது உண்மை. இல்லையென்று நான் சொல்லவில்லை. உப்பு ஏற்றிவந்த மாட்டுவண்டியில் உன்னை உட்காரவைத்து அனுப்பியதும், அதற்குள் கப்பல் போய்விட்டதும், மாப்பிள்ளை நம் வீட்டுக்குத் திரும்ப மறுத்து உன்னோடு தூத்துக்குடிச் சத்திரத்தில் கிடந்ததும் உண்மை. மாட்டுவண்டி கிளம்பும்போது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கு நடந்ததை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வேகமாகப் போகும்வரை விளக்கு கண்ணைப் பறித்தது. மணல் கிடந்த இடத்தில் வேகம் குறைந்ததும் விளக்கு கங்குபோலச் சிவந்தது, இன்ஜின் இருமி நின்றது. அப்புறம் ஹார்ன்கூடக் கேட்கவில்லை. பட்டறைக்கார அற்புதமணி, "பேட்டரி செத்துப்போச்சு அண்ணாச்சி, தூக்கிப் போடுங்க" என்றான். வேறு பேட்டரியை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன், அதே கூத்துதான். "அப்பம் டைனமோவா இருக்கும்" என்றான். டைனமோ செத்திருந்தால் ஓடும்போது மட்டும் விளக்கு அப்படி எரியுமா? பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரிவாயுவில் வண்டி ஓட்டினவன் நான். எனக்கு யாரும் சொல்லித்தந்ததும் இல்லை, இனிச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. வயரையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்துத் துடைத்துப் பூட்டினேன். பலன் இல்லை.

கடைசியில் ஒரு சின்ன பல்பில் இரண்டு வயர் கட்டினேன். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் பல்பு எரிந்தது. வயர் புறப்படுகிற முனையில் ஒன்றை அப்படியே விட்டு, மற்றதை இன்ஜின் இரும்பில் வைத்தால் எரியவில்லை. மின்சாரம் வயர் வழியாகப் போய், வண்டியின் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அது போகிற வழியையே நானும் அற்புதமணியும் துழாவிக்கொண்டிருந்தோம். திரும்பி வருகிற வழி அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

அடைத்தது யார் தெரியுமா? உன் அம்மா. மாப்பிள்ளை வருகிறாரென்று, நான் இல்லாத நேரம் பார்த்து, வள்ளத்துக்குச் சாயம் பூசுகிற சிலுவையைக் கூட்டிவந்து வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் பூசச் சொல்லியிருக்கிறாள். வெறும் இரும்பு கண்ணில் பட்டால் அவனுக்குப் பொறுக்காது. பேட்டரியிலிருந்து அடிச்சட்டத்துக்கு வருகிற பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்திலும் கெட்டியாகப் பூசி, மறுபடி முடுக்கி வைத்துவிட்டான். சாயத்தைத் தாண்டி மின்சாரம் போகாது. போல்ட் வழியாக ஏதோ கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்தது, முக்காணிக் குலுக்கலில் அதுவும் விட்டுப்போயிற்று. சிலுவையைக் கேட்டால், "ஒரு எடம் விடல அண்ணாச்சி, உப்புக்காத்து இனி எட்டிப் பாக்காது" என்று பெருமையாகச் சொன்னான். "ஏளா, வண்டியும் வள்ளமும் ஒண்ணாளா?" என்று உன் அம்மாவிடம் சத்தம் போட்டேன். "உப்பு ரெண்டையுந்தான திங்குது" என்றாள்.

சாயத்தைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு பட்டையை முடுக்கினேன். ஸ்டார்ட்டரைத் தொட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் தெருத் திருப்பம்வரை போய்த் திரும்பும்போது ஹார்னை அமுக்கிவிட்டேன். உன் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்தாள். நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்தாளாம். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து அந்தத் திருப்பத்தில் நீதானே ஹார்ன் அடிப்பாய். "வண்டி சரியாயிட்டுளா, அதுக்குத்தான் அடிச்சேன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அங்கே நான் ஹார்ன் அடிப்பதில்லை. தலையை வெளியே நீட்டி, "வெலகு, வெலகு" என்று கத்திக்கொண்டுதான் திரும்புகிறேன்.

கொழும்புக் கப்பல் வருகிற நாளெல்லாம் தூத்துக்குடித் துறைமுகம்வரை வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன். முக்காணியில் அதே மணலில் வேண்டுமென்றே அணைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன். ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. கப்பலிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் படகு காலியாகும்வரை நான் நிற்பதைப் பார்த்து, அங்கே கருவாடு விற்கிற சந்தனமாரி, "வண்டியச் சோதிக்க வந்தவிய கடலயே பாத்துக்கிட்டு நிக்கியளே அண்ணாச்சி" என்று சிரிக்கிறாள். அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?

நான் யாரிடமும் கெஞ்சப்போவதில்லை. நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை உன்னைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏற வேண்டும். தகரடப்பா என்ற சொல்லை அவர் கொழும்பிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். உன் மாமியாருக்கு முறைப்படி அழைப்பு அனுப்ப வேண்டியது உன் அம்மா. வளையலும் அவள்தான் வாங்குவாள். சிலுவை அந்த மாதம் முடியும்வரை வண்டிப் பக்கமே வரக்கூடாது. நான் காலையிலேயே துறைமுகத்தில் வந்து நிற்க வேண்டும், நிற்பேன். வண்டியை அணைத்துத்தான் வைத்திருப்பேன். நீ ஏறி உட்கார்ந்த பிறகு, மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்க, அதை எடுப்பேன். முருகன் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் காக்க வேண்டும்.

நம் தெருத் திருப்பத்தில் ஹார்ன் அடிக்க வேண்டியது நீ.

இப்படிக்கு,
உன் அப்பா
செந்தூர்பாண்டி