மில் கதவில் கட்டிய தொட்டில்

என் அருமைப் பேச்சி,

உன் பெயரை நானே எழுதிவிட்டேன். சங்கக் கொட்டகையில் சாயங்காலம் நடக்கிற வகுப்பில், நரைத்த தலையோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். முதல் எழுத்து பெரிதாகப் போய்விட்டது. அழிக்க மனசில்லை, அப்படியே இருக்கட்டும். நீ இருந்திருந்தால், "மீசையச் சிரைச்சுட்டுப் பள்ளிக்கூடம் போங்க மச்சான்" என்று சிரித்திருப்பாய். இந்தக் கடிதத்தைச் சங்கப் பத்திரிகையில் போடுகிறேன் என்கிறார் வாத்தியார். போடட்டும், நம்ம ஆட்களும் படிக்கட்டும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, தெரியுமா? மில் வாசலில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அந்தக் கதவைப் பார்த்ததும் என் மிட்டாயைப் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

அதே கதவுதான். அதற்கு வெளியே வேப்பமரத்தில், உன் சேலைத் தொட்டிலில், நம்ம பையன் காய்ச்சலோடு கத்தினான். நீ உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தாய். பால் கட்டி உன் மாராப்பு நனைந்திருந்தது. "ஒரு வாய் குடுத்துட்டு வாரேன் அண்ணே" என்று காவல்காரர் காதரிடம் கெஞ்சினாய். "மத்தியானச் சங்கு ஊதாமத் தெறக்க உத்தரவு இல்ல தாயி" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். சங்கு ஊதி நீ ஓடிப் போனபோது பிள்ளை கத்தவில்லை. பொழுது சாயுமுன் போய்விட்டான்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் மரத்தடிக்குப் போகாமல் நேரே கதவுக்குப் போனாய். இரண்டு கதவையும் சேர்த்து, கம்பியில் அதே சேலையைத் தொட்டிலாகக் கட்டினாய். வெறுந்தொட்டிலை ஆட்டினால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். நீ ஆட்டினாய். பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் ஒவ்வொருவராக மரத்துத் தொட்டிலை அவிழ்த்து வந்து, பிள்ளையோடு உன் பக்கத்தில் கட்டினார்கள்.

கதவைத் திறக்க முடியவில்லை. பஞ்சு வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. மானேசர் துரை வந்து, முதல் தொட்டிலை அவிழ்த்து எறியச் சொன்னார். காதர் அண்ணன் கிட்டே வந்து உன் தொட்டிலை விலக்கி உள்ளே பார்த்தார். எம்புட்டு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

"பிள்ளை தூங்குதுங்கய்யா. நான் கை வைக்க மாட்டேன்" என்றார்.

அவருக்கு வேலை போனது. உனக்கும் போனது. ஆனால் பெண்கள் யாரும் தொட்டிலை அவிழ்க்காமல் நின்றதில், மில்லுக்குள்ளே ஒரு தொட்டில் அறை வந்தது. பால் கொடுக்க நடுவில் நேரமும் வந்தது.

நமக்குத்தான் அப்புறம் ஒன்றும் தங்கவில்லை. வெறுந்தொட்டில் ஆட்டினவள் என்று தெருவே உன்னைச் சொன்னது. நீயும் அதை நம்பித்தான் கண்ணை மூடினாயா, பேச்சி?

இப்போது அந்த அறையில் பஞ்சுப் பொதிகளை அடுக்கிவிட்டார்கள். இடம் பற்றவில்லையாம். தொட்டில்கள் திரும்பவும் வேப்பமரத்துக்கு வந்துவிட்டன. கொடி ஏற்றினவர், பலமான தேசம் கட்டவேண்டும் என்று பேசினார். பசித்த பிள்ளையை மரத்தில் தொங்கவிட்டுவிட்டு எதை எடுத்துக் கட்டுவது? வேலை செய்கிறவளுக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்க உரிமை இல்லையென்றால், கொடி யாருக்காகப் பறக்கிறது?

நேற்று நூல் சுற்றுகிற பெண் ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்து, "பெரியப்பா, அந்த அம்மா எந்தக் கம்பியில கட்டுச்சு? காட்டுங்க" என்று கேட்டாள். பெட்டியைத் திறந்து உன் சேலையை எடுத்தேன். நைந்துதான் இருக்கிறது. முடிச்சுப் போட்ட சுருக்கம் இன்னும் போகவில்லை.

கோரிப்பாளையம் போய்க் காதர் அண்ணனிடமும் சொன்னேன். பாவம், கண் சரியாகத் தெரியவில்லை அவருக்கு. "நானும் வாரேன்ப்பா. பிள்ளை தூங்குதுன்னு சொல்ல ஆள் வேணும்ல" என்றார்.

நாளைக் காலைச் சங்கு ஊதுமுன் அந்தச் சேலையை அதே கம்பியில் கட்டுவேன். பொதிகளை வெளியே எடுத்துத் தொட்டில்களை உள்ளே மாட்டுகிறவரை அவிழ்க்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. வெறுந்தொட்டில்தான். ஆட்டுவேன். எனக்கு இனி என்ன தங்க வேண்டியிருக்கிறது?

உன் அத்தை மகன்,
நம்ம பையனுடைய அப்பன்,
கருப்பையா