இடது கைத் தையல்

மார்ச் 3

அன்பு மகனுக்கு,

அம்மாவின் ஆசிகள். மூன்று பேரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததில் நிம்மதி. போனில் பேசினால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று மருமகள் சிரிப்பாள். போனில் சொன்னதை மறுநாளே ‘நான் எங்கே சொன்னேன்’ என்று மாற்றிவிடலாம். காகிதம் என்றால் கையில் இருக்கும். என் குணம் உனக்குத் தெரியாததா?

வாண்டு இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவள் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போனதில் இன்னமும் கட்டிலுக்கு அடியிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட ஆண்டு விழாத் துணி தைக்கிற காலம், தலைக்கு மேல் வேலை. இருந்தாலும் மிஷினை மிதிக்கும்போதெல்லாம் நாம் போய்வந்த அந்தப் பழைய நகரம்தான் கண்ணில் நிற்கிறது. பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருந்துகொண்டு இத்தனை வருடம் பார்க்காத இடம். ராஜா வீட்டுக் குளியலறையில் என் கடையைவிட வெளிச்சம் அதிகம். கூரை போய்விட்டதால் இருக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. லீவில் வந்தால் வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் நீ எழுந்திருப்பாய். அன்றைக்கு மட்டும் விடியும் முன்பே எல்லோரையும் எழுப்பிவிட்டாய். முன்வாசல் பளிச்சென்று திறந்திருக்க, சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாய். அங்கே டிக்கெட் கிழிக்க ஆள் இல்லை. முக்காலியும் பாதி குடித்த டீயும் மட்டும் இருந்தன. பக்கத்திலேயே கதவு சாத்தின ஒரு சின்ன அறை. அதற்கு எதிரே ஒரு கல்லில் என்னை உட்கார வைத்து, “இங்கயே இரும்மா, நிழல் நல்லா இருக்கு” என்று சொன்னாய். நிழலாவது ஒன்றாவது, வெயில் என் முகத்திலேயே இருந்தது. சொல்லும்போது நீ காது மடலைத் தடவிக்கொண்டாய்.

அப்புறம் உள்ளே சுற்றும்போது வாண்டு இடிந்த சுவரில் ஏறிக் குதித்ததில் கவுன் பட்டையின் பொத்தான் தெறித்தது. ஊசி நூல் இல்லாமல் நான் வாசல்படி தாண்டுகிறவள் இல்லை என்று ஊருக்கே தெரியும். என்னிடம் தராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போய்த் தைத்துக்கொண்டு வந்தாய். பெட்டியில் இடமில்லை என்று மருமகள் விட்டுப்போன அந்தக் கவுனை நேற்றுத் துவைத்தேன். அந்தப் பொத்தானைத் தைத்தது யார்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. வாண்டுக்கு முத்தம்.

உன் அம்மா

மார்ச் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ தையல் கடை வைத்திருக்க வேண்டியவளே இல்லை, போலீஸில் இருந்திருக்க வேண்டும்.

வெயிலுக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது என்றுதான் சீக்கிரம் எழுப்பினேன். பின்வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. பொத்தானைத் தைத்தது அங்கே தண்ணீர் பாட்டில் விற்கிற அம்மா. நீ அலுப்பாக உட்கார்ந்திருந்தாயே, உன்னை எதற்குத் தொந்தரவு செய்வானேன் என்று அவரிடம் கொடுத்தேன். இதில் ஒரு மர்மமும் இல்லை.

இங்கே குளிர் குறையவில்லை. வாண்டு வகுப்பில் ‘நான் உடைஞ்ச ஊருக்குப் போனேன்’ என்று சொல்லி, டீச்சர் பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். கண்ணுக்குக் கண்ணாடி மாற்றினாயா? இருட்டின பிறகு தைக்காதே.

உன் மகன்

மார்ச் 29

அன்பு மகனுக்கு,

கண்ணாடி மாற்றிவிட்டேன். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அந்தக் கவுனை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

தண்ணீர் விற்கிற அம்மா என்று எழுதியிருக்கிறாய். அவளிடம் நானே ஒரு பாட்டில் வாங்கினேன், உனக்குத் தெரியாது. வலது கைவிரல்களில் கட்டுப் போட்டிருந்தாள். மூடியைக்கூட நான்தான் திறந்து கொடுத்தேன். அந்தக் கையால் ஊசி பிடித்தாளாக்கும்.

பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நூலைக் கழுத்துப்போலச் சுற்றி, முடிச்சே தெரியாமல் நுனியை மடிப்புக்குள் இழுத்து மறைப்பது என் கை வழக்கம். இந்தத் தெருவில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை, நேரம் பிடிக்கும். இந்தக் கவுனில் அப்படியே இருக்கிறது. சுற்று மட்டும் எதிர்ப்பக்கமாகப் போகிறது. இடது கைக்காரர் சுற்றினால்தான் அப்படிப் போகும். என்னிடம் அதைக் கற்றுக்கொண்ட இடது கைக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். இதே கடையில் என் எதிரில் உட்கார்ந்து துணி வெட்டியவர். வெளியூரில் மூன்று மாத வேலை என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர். அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்திருக்கிறார் என்று ஊரார் சொல்லி நான் தெரிந்துகொண்டபோது நீ இரண்டாம் வகுப்பு.

அன்றைக்கு உன்னை நிற்கவைத்து என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? அந்த மனிதரோடு பேச்சு வைத்துக்கொள்கிறவர் யாராக இருந்தாலும் என் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்றேன். நீ தலையாட்டினாய். அந்தச் சொல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

உண்மையை எழுது. இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

அம்மா

ஏப்ரல் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நீ நினைத்தது சரி. அந்தப் பின்வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் அப்பாதான்.

போன வருடம் நான் மட்டும் வேலை விஷயமாக வந்திருந்தபோது, கூட வந்த அதிகாரிகளுக்கு அந்த இடத்தைச் சுற்றிக் காட்டினேன். வாசலில் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். அந்தப் பெண்மணி இறந்து வெகுநாள் ஆகிறதாம். அந்தச் சின்ன அறையிலேயே தங்கிக்கொள்கிறார். கூட வேலை செய்கிறவர்களுக்குக் கிழிந்த சட்டை தைத்துத் தருகிறார்.

அம்மா, இது என் யோசனை இல்லை. அப்பாதான் உன்னைப் பார்க்க வேண்டும் என்று துடித்தார். ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு வா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னால் மறுக்க முடியவில்லை. கடைசி நேரத்தில் உன் எதிரில் வரத் தைரியம் இல்லாமல் உள்ளேயே இருந்துவிட்டார். குழந்தையை அவரிடம் காட்டத்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

அவருக்கும் வயதாகிறது, நீயும் தனியாக இருக்கிறாய். இரண்டு பேரும் ஒரு கூரையின் கீழ் இருந்தால் என்ன என்று அவர் ஏங்குகிறார். கொஞ்சம் மனசு வை. என்னைப் படி ஏற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்கு வேறு வீடு கிடையாது.

உன் மகன்

மே 2

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்றே ஒன்று உறுத்தியது. அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. போகிற அன்றைக்குக்கூடச் சிரித்துக்கொண்டுதான் போனார். நீ எழுதினது அவர் பேச்சு மாதிரியே இல்லை, நீ பேசுகிற மாதிரி இருந்தது. அதனால் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

பின்வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியின் காலை நூலால் கட்டியிருந்தார். தலை நிமிராமல், “டிக்கெட்?” என்றார்.

“வாங்கல” என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் நேராகவே கேட்டேன்.

“என்னப் பாக்கணும்னு துடிச்சீங்களாமே. பையன் எழுதியிருக்கான்.”

“நானா?” என்று எழுந்துவிட்டார். “வேணவே வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கொழந்தைய மட்டும் ஒரு தடவ காட்டுன்னேன். அவன் உன்னையும் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறான். டீயைக்கூட அப்படியே போட்டுட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டேன். உன் முன்னால நிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?”

விடுவேனா? அந்த இடிந்த சுவர்களுக்கு நடுவே நடந்துகொண்டே மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரே வீட்டில் இருக்க ஏங்கினீர்களாமே என்றேன். இந்த அறையே போதும், உன் சோற்றைத் தின்ன வரமாட்டேன் என்றார். எப்படிக் கேட்டாலும் அதே பதில்தான். பொய் சொன்னால் அவர் காது மடலைத் தடவுவார். அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? அன்றைக்கு அவர் கை இரண்டும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அவருக்காக அழவில்லை. வாழ்நாளெல்லாம் என்னிடம் பொய் சொன்னவர் அன்றைக்கு நிஜத்தைச் சொல்கிறார், நான் பெற்று வளர்த்த நீ அவர் பேரில் பொய் எழுதுகிறாய். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் போட்டுவிட்டால் தூரத்தில் இருக்கிற உனக்கு ஒரு கவலை குறையும், அதுதானே? அதை அப்படியே எழுதியிருக்கலாம். திட்டியிருப்பேன், ஆனால் நம்பியிருப்பேன். காகிதத்தில் எழுதினால் காது தெரியாது என்று நினைத்துவிடாதே.

அவரை வீட்டுக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற உத்தேசமும் இல்லை. ஆனால் கிளம்பும்போது வாய்ப் பழக்கத்தில் “போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிட்டேன். பஸ் நகர்ந்த பிறகுதான் உறைத்தது. சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும்.

கவுனைத் தனியாக அனுப்புகிறேன். அவர் தைத்ததை நான் பிரிக்கவில்லை. இன்னொரு பட்டையும் இற்றுப்போய்த்தான் இருந்தது, அதை நான் தைத்திருக்கிறேன். வாண்டு எத்தனை சுவர் ஏறிக் குதித்தாலும் தாங்கும்.

அன்றைக்குச் சொன்ன சொல்லை நானே மீறிவிட்டேன், இனி உன்னை எப்படிப் படி ஏறாதே என்பது? அடுத்த லீவுக்கு வா. வெளியே கூட்டிக்கொண்டு போவதானால் எங்கே போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடு.

சொன்னாலும் வருவேன்.

உன் அம்மா