எலிக்குப் பலித்த மருந்து

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை, அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டது.

தம்பிக்குக் காது முழுசாகப் போய்விட்டது. காசநோய்க்குப் போட்ட ஊசியால் வந்ததாம், ஊசியை நிறுத்தியும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டபோது உம் உம் என்றானே, ஒன்றும் கேட்கவில்லை அவனுக்கு, உன் மனசு நோகக் கூடாதென்று காதில் வைத்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறான். அதனால்தான் கடிதம், இனி அவனுக்கும் எழுதியே அனுப்பு. காதோடு நோயும் போயிருந்தால் தாங்கிக்கொள்வேன், அதுவும் இல்லை. கடைசியாகக் கொடுத்த மாத்திரைக்கும் கிருமி அசையவில்லை என்று சளிப் பரிசோதனையில் வந்திருக்கிறது. "இதுக்கு மேல மாத்திக் கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா, இனி அவர் உடம்பு எதிர்த்து நின்னாதான் உண்டு" என்றார் நெஞ்சு டாக்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். எந்த உடம்பு எதிர்த்து நிற்கும், அவன் மேல் சட்டை ஆணியில் தொங்குவது மாதிரி தொங்குகிறது.

அப்பா முன்னறையில் தையல் மிஷின் முன்னால் சும்மாவே உட்கார்ந்திருக்கிறார். நோய் இருக்கிற வீடு என்று யாரும் துணி கொடுப்பதில்லை. மாடிவீட்டு டீச்சர் மட்டும் ஜன்னல் திரை தைக்கக் கொடுத்தாள், தைத்து முடித்ததும் "நீங்களே வெச்சுக்குங்க மாமா" என்று சொல்லியனுப்பிவிட்டாள். அதைத் தம்பி அறை ஜன்னலில் மாட்டப் போனவர், அந்த அறைக்குக் காற்று வரணும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, திரையைக் கையில் பிடித்தபடி நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை.

உடம்புக்குள் நம்மைக் காக்கிற உயிரணுவே இந்தக் கிருமியை விழுங்குகிறது, அது சாகாமல் உள்ளேயே குடியிருக்கிறது என்று போன தடவை வந்தபோது அவனுக்கு விளக்கினாய். "வாடகையாவது குடுக்குதா?" என்று கேட்டு உன்னைச் சிரிக்கவைத்தான். அந்த வாய் இன்னும் போகவில்லை. நீ வேலை பார்க்கிற ஆய்வுக்கூடத்துப் புது மருந்து எலிக்குப் பலித்ததாக நீ சொன்னதை நேற்று தாளில் எழுதிக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம், அடுத்த வருஷம் மனுஷனுக்கும் வந்துவிடும் என்று அக்கா சொன்னாள் என ஒரு வரி நானாகச் சேர்த்துவிட்டேன். படித்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினான். அப்புறம், தன் குரல் தனக்கே கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாம்மா, அவளுக்குப் பொய் வராது" என்றான். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மருந்தோடுதான் வருவேன் என்று காத்திருக்காதே கண்ணு. வெறுங்கையோடு வா. சீக்கிரம் வா.

உனக்கு ஒரு குறையும் வராமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் நெஞ்சில் இருக்கிற கிருமியைத்தான் இன்னொரு பிள்ளை கண்ணாடித் தட்டில் வளர்க்கிறது. வேலை அவசரத்தில் முகமூடியை மட்டும் கழற்றிவிடாதே.

உன் அம்மா