அப்பாவின் வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது

ஹாஃபர்ஸ் மில், பென்சில்வேனியா
அக்டோபர் 16, 2006, திங்கள்

அன்பு மகன் கேலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உயிரோடு, நடமாட்டத்தோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. அந்தச் செம்மண் வெயிலில் சுரங்கத்துக்குப் போய் வரும் நீயும், வீட்டில் மருமகள் ப்ரான்வினும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று நேற்றும் சர்ச்சில் கேட்டுக்கொண்டேன். ஞாயிறுதோறும்தான் போனில் பேசுகிறோமே, இது என்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, அதற்கு இரண்டடி தள்ளி அப்பாவின் நாற்காலி இருக்கிறது. அவர் காதில் விழக்கூடாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். அதனால் சர்ச்சின் கீழ்த்தளத்தில், ஆப்பிள் நறுக்க வந்த பெண்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையெல்லாம் பிசுபிசுப்பு, தாளில் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா அந்தப் பழைய செவர்லேயை ஏப்ரலில் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்ததைச் சொன்னேன், நீ சிரித்தாய், நானும்தான் சிரித்தேன். இருபத்தாறு வருஷம் வைக்கோலுக்கும் எலிக்கும் நடுவே கிடந்த வண்டி. கடைசியாக அது பந்தயத்துக்குப் போனபோது உனக்கு நாலு வயது, உனக்கு அதன் சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். கால் மைல் நேராகப் பறந்து நிற்க வேண்டும், அதற்கு மட்டுமே அப்பா கட்டிய வண்டி அது, ஒழுங்காகத் திரும்பக்கூடத் தெரியாது. எடை குறைய வேண்டும் என்று ஹாரன், வைப்பர், ஹீட்டர், பக்கத்து சீட்டு எல்லாவற்றையும் பிடுங்கினார், அதுவும் போதாமல் முன்சக்கரத்து பிரேக்கையும் கழற்றி எறிந்தார். நிறுத்துவதற்குத்தான் பின்னால் பாரசூட் இருக்கிறதே என்பார். திடலுக்கு டிரெய்லரில் போகும், டிரெய்லரில் திரும்பும், ஒரு நாளாவது தானாக ஓடி வீடு வந்து சேர்ந்ததில்லை. இந்த வண்டியைத்தான் ரோட்டில் ஓட்டப் போகிறேன், பொண்டாட்டி லொரெய்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அக்டோபர் மாதம் தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கே வாஃபிளும் கோழிக் குழம்பும் போடும் விருந்துக்கு அதில்தான் வந்து இறங்கப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். ரிட்டயர் ஆன மனுஷர், ஏதோ கைக்கு வேலை இருக்கட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கோடை முழுக்க அவர் வேலை செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். எலி கடித்த வயரையெல்லாம் உருவிப் போட்டுப் புதுசாக இழுத்தார். விளக்கு வந்தது, ஹாரன் வந்தது, முன்சக்கரத்துக்கு மறுபடி பிரேக் வந்தது. பாரசூட்டை மட்டும் கழற்ற மனசில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் லொரெய்ன், உன் தங்கச்சி வீட்டுக்குப் போறப்போ அவ வாசல்ல விரிச்சுக் காட்டலாம் என்று கிண்டல் பண்ணினார். பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகப் பூட்டியிருந்ததால் வளைவில் டயர் தேய்ந்து கத்தும், அதையும் பிரித்து மாற்றினார். பக்கத்து சீட்டு வந்த அன்று என்னைக் கூப்பிட்டு ஏறி உட்காரச் சொன்னார். ஏறுவதா, அந்த இரும்புக் குழாய்க் கூண்டுக்குள் முழங்காலை மடக்கி நுழைவதற்குள் எனக்குப் பிராணன் போய்விட்டது. ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது, கேலன், அதனால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் அடுப்பிலிருந்து காபியை எடுத்து ஊற்றும்போது என் கை தவறி, கொதிக்கக் கொதிக்க அவர் வலது கால் மேலே கொட்டிவிட்டது. நான்தான் அலறினேன். அவர் பன்றிக்கறியும் சோளமாவும் சேர்த்து வறுத்த ஸ்க்ராப்பிளைத் தின்றுகொண்டே என்ன ஆச்சு என்று கேட்டார். குனிந்து பார்த்தால் தோல் சிவந்து பொங்கிவிட்டது, அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை வியாதி கால் நரம்பைத் தின்றுவிட்டது, இனி அந்த உணர்ச்சி திரும்பி வராது என்று டாக்டர் என்னை வைத்துக்கொண்டுதான் சொன்னார். வீடு வரும் வழியெல்லாம் அப்பா மழையைப் பற்றியே பேசினார். அதற்கு மறுவாரம் பிக்கப் லாரியின் சாவியை அவரே ஆணியில் மாட்டிவிட்டு, வெயில்ல கண்ணு கூசுது, கொஞ்ச நாள் நீயே ஓட்டு என்றார். கண் கூசுகிறதாம். நானும் சரி, கண்ணாடி மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ஆனால் செவர்லே வேலை மட்டும் நிற்கவில்லை, விருந்துக்குப் போவதாகச் சொன்ன பேச்சையும் அவர் விடவில்லை. அவர் காலுக்கு எது பிரேக், எது ஆக்சிலரேட்டர் என்று தெரியாது. அப்படிப்பட்ட எஞ்சினை வைத்துக்கொண்டு நம் ரோட்டில், கார் வைத்துக்கொள்ளாத சபைக்காரர்களின் குதிரை வண்டிகளுக்கு நடுவே அவர் போவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தைரியம் வரவில்லை. உங்களால் இனி முடியாது என்று அந்த மனுஷரிடம் நான் என்றைக்குச் சொல்லியிருக்கிறேன், இன்றைக்குச் சொல்ல.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். வருஷாவருஷம் வண்டியைச் சோதித்து ஒட்டுகிற ஆய்வு ஸ்டிக்கர் இல்லாமல் அப்பா ரோட்டில் வண்டி ஓட்ட மாட்டார், அது உனக்கே தெரியும், ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் லமார் பிங்கமன். முன்பு பந்தயத்துக்கெல்லாம் அப்பாவோடு ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவானே, அவன்தான், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. செப்டம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை, ஒரு பையைக் கையில் வைத்துக்கொண்டு முட்டை வாங்கப் போகிறேன் என்று கிளம்பி நேரே அவன் பட்டறைக்குப் போனேன். லமார், அண்ணன் வண்டி வந்தா ஏதாவது குத்தம் சொல்லித் திருப்பி அனுப்பு, கேள்வி கேக்காதே என்றேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னையே பார்த்தான், சரி அண்ணி என்றான். முட்டை வாங்க மறந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

முதல் தடவை கை பிரேக் இல்லை என்று எழுதித் திருப்பினான். அப்பா ஒரு வாரத்தில் கை பிரேக் போட்டார். இரண்டாம் தடவை முன் கண்ணாடிக்குச் சூடான காற்று வரவில்லை என்றான். பழைய வண்டிகளைப் பிரிக்கும் இடத்தில் ஒரு ஹீட்டரைத் தேடி எடுத்து வந்து மாட்டினார். மூன்றாம் தடவை சத்தம் அதிகம் என்றான், அதற்கும் இரண்டு சைலன்சர் வந்தது. ஒவ்வொரு தடவையும் லமாரே வந்து வண்டியை டிரெய்லரில் ஏற்றிப் போவான், திரும்பக் கொண்டு வந்து விடுவான். ஒவ்வொரு தடவையும் அப்பா அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாப்பாடு குறைந்துவிட்டது. வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார், நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவுவேன். நாற்பது வருஷமாகக் கூட வாழ்ந்தவரை முதுகில் குத்திவிட்டோமே என்று எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. போனில் நீ என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாயே, சளி என்றேன், அது சளி இல்லை.

போன செவ்வாய் மறுபடி லமாரிடம் போனேன். போதும்ப்பா, ஒரே ஒரு தடவை, தீயணைப்பு நிலையம் வரைக்கும் ரெண்டு மைல்தானே, பக்கத்துல நான் இருக்கேன், ஸ்டிக்கரை ஒட்டிடு என்று கெஞ்சினேன். அவன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னான். அண்ணி, நீங்க என்கிட்ட வந்தது வியாழன், அண்ணன் வந்தது அதுக்கு முன்னாடி திங்கக்கிழமை, அவரும் ஏதாவது குத்தம் சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்புன்னுதான் கேட்டார் என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தத் திங்களுக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, அப்பா வண்டியை நம் சந்து முனை வரை ஓட்டிப் பார்த்திருக்கிறார். முனையில் நிறுத்த பிரேக்கை மிதித்ததாகத்தான் நினைத்தாராம். கால் இருந்தது ஆக்சிலரேட்டரில். வண்டி ரோட்டைக் குறுக்கே தாண்டி எதிரே வீக்கெர்ட்டின் சோளக்காட்டுக்குள் போய்த்தான் நின்றிருக்கிறது. அதற்கு அரை நிமிஷம் முன்னால்தான் அந்த இடத்தில், பிரார்த்தனைக்குப் போகும் குதிரை வண்டி ஒன்று பின்னால் மூன்று குழந்தைகளோடு கடந்து போனதாம். அந்தக் குழந்தைகள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்களாம், அண்ணன் இதைச் சொல்லும்போது பல்லு கிட்டிப் போச்சு அண்ணி என்றான் லமார். வண்டியின் முன்னால் சோளத் தோகை செருகியிருந்ததை நான் அன்றைக்கே பார்த்தேன், கேலன். கேட்டதற்கு எலி இழுத்திருக்கும் என்றார். நானும் நம்பினேன், நம்ப வேண்டும் என்றிருந்தது.

அப்படியென்றால் ஏன் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சரி பண்ணினார் என்று கேட்டேன். அதற்கு லமார், அண்ணன்கிட்ட ஒரு குறையை எழுதிக் குடுத்தா சும்மா விட அவரால முடியுமா, இந்தத் தடவை எதையாவது அரைகுறையா விட்டு வைங்கன்னு நானே சொன்னேன், தலையை ஆட்டிட்டுப் போயி முன்னைவிட நல்லாப் பண்ணிட்டு வர்றார் என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். இனிமே அந்த வண்டியில எழுதறதுக்கு ஒரு குத்தமும் இல்ல அண்ணி, ஊர்லயே இப்ப அதுதான் சுத்தமான வண்டி, வெள்ளிக்கிழமை கொண்டு வந்தா நான் ஒட்டித்தான் ஆகணும், அதுக்கு மேல யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தே ஆகணும், அது நானா இருக்க முடியாது என்றான். நான் வாளியை விட்டு எழுந்து வந்துவிட்டேன். வழியில் பிக்கப்பை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு பாட்டம் அழுதேன்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது, ஸ்டிக்கரோடு. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், சந்தோஷப்பட வேண்டுமே என்று சிரித்தார். நாளைக்கு விருந்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் லொரெய்ன் என்றார். குரலில் சத்தே இல்லை. பழி என் தலையில் விழட்டும் என்று நான் அப்போதே ஒரு முடிவோடு இருந்தேன். அந்தச் சவப்பெட்டியில நான் ஏற மாட்டேன், என்னை விட்டுட்டு நீங்க மட்டும் போனீங்கன்னா அன்னிக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன், சாவியை ஏற்கெனவே எடுத்து ஒளிச்சு வச்சாச்சு என்று கத்தினேன். உண்மையிலேயே கத்தினேன், எல்லாப் பயமும் சேர்ந்து வந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எவ்வளவு தெரியும் இவளுக்கு என்று கணக்குப் போட்டாரா, இல்லை சும்மாதான் பார்த்தாரா, எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். சரி, உனக்கு அவ்வளவு பயம்னா விடு என்றார். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார்.

சனிக்கிழமை பிக்கப்பில்தான் போனோம், நான்தான் ஓட்டினேன். கூடத்தில் நுழைந்ததும் ஆளாளுக்கு வண்டி எங்கே ஹார்லன், வண்டி எங்கே என்று கேட்டார்கள். பொண்டாட்டி சாவியை ஒளிச்சு வச்சுட்டா, நான் என்ன பண்றது என்றார் அப்பா. அவ்வளவுதான், கூடமே சிரித்தது. நூத்தம்பது மைல் வேகத்துல பயப்படாத ஆளை உருட்டுக்கட்டை காட்டி உக்கார வச்சுட்டியே லொரெய்ன் என்றான் ஒருத்தன், ஆம்பளைக்கு இருந்த ஒரு ஆசையையும் கெடுத்துட்டியே என்றாள் வீக்கெர்ட்டின் மனைவி. அவள் வீட்டுச் சோளத்தில்தான் வண்டி போய் நின்றது என்று அவளுக்கு என்ன தெரியும். ஆமாம், அப்படித்தான் செய்தேன் என்று குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து என்னைக் கிண்டல் செய்தார், பல மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நேற்று வண்டிக்கு மேலே உறையை இழுத்து மூடிவிட்டார், நாலு மூலையிலும் கயிறு கட்டியாயிற்று. இனி அதை அவிழ்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

உன் கால்களைப் பார்த்துக்கொள், வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார், இது அப்பா வழியில் வருகிற வியாதி. வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. ப்ரான்வினுக்கு என் அன்பைச் சொல். நேற்று நீ கூப்பிட்டபோது அப்பா வண்டிப் பேச்சை எடுக்கவில்லை, நீ எப்போது கேட்பாயோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிறு நீயே கேள், வண்டி என்ன ஆச்சு அப்பா என்று கேள். அம்மா விடவில்லை என்பார். உடனே போனை அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லி என்னைத் திட்டு. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத் திட்டு, பாவம் அம்மா என்று பாதியில் குரலை இறக்கிவிடாதே. நான் பதில் பேச மாட்டேன். கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
லொரெய்ன் ஷைரி