கை உயர்ந்தால் பச்சை

ஜூன் 4

அன்புள்ளவருக்கு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் சண்டையில்தான் முடிப்போம் என்று எழுதுகிறேன்.

எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு ஒரு பஸ் டிரைவர் வருகிறார். முறிந்த தோள் எலும்பு கூடிவிட்டது, கையைத் தூக்கத்தான் பயம். "இன்னும் கொஞ்சம்" என்றாலே, "விட்டுடுங்கம்மா, என்னால முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கை எவ்வளவு உயர்ந்தது என்று கண்ணால் பார்த்தால் பயம் தெளியும். மணிக்கட்டில் ஒரு பட்டை, எதிரே ஒரு விளக்கு, நடுவில் வயர் கூடாது. கை உயர உயர நிறம் மாற வேண்டும்.

ஆரம்பிப்பீர்கள், தெரியும். முடிப்பீர்களா? பாதி ரேடியோ, பாதி கடிகாரம், உட்கார இடமில்லாத வீடு என்று உங்கள் ஆரம்பசூரத்தனத்தோடு ஒன்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டுத்தானே போன வருஷம் பெட்டியைக் கட்டினேன்? விடுதி அறையை இன்னொரு வருஷத்துக்கு எடுப்பதா என்று மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டுமாம். சும்மா தகவலுக்கு எழுதினேன்.

இப்படிக்கு,
இப்போதைக்கு உங்கள் மனைவி

ஜூன் 13

அன்புள்ள மகாராணிக்கு,

அந்தச் சும்மா தகவலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பார்சல் வருகிறது. முடித்துவிட்டேன், கடைசி ஸ்க்ரூ உட்பட!

பட்டைக்குள் இருக்கும் சென்சார் கையின் சாய்வைக் கவனித்து ரேடியோ அலையில் சொல்லும், விளக்கு கேட்டுக்கொள்ளும். கை தொங்கினால் நீலம், தோள் உயரத்தில் பச்சை, தலைக்கு மேல் சிவப்பு. சோதித்தபோது ஜன்னலில் என் கை மட்டும் தெரிந்திருக்கிறது. எதிர்வீட்டு அம்மா, "தம்பி, யாரைக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டார். யாரைக் கூப்பிட? ஆள்தான் இல்லையே.

உன்,
வாஷிங் மெஷின் மெக்கானிக்

ஜூன் 17

அன்புள்ளவருக்கு,

விளக்கு அழகுதான். ஆனால் டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு தோள் வரை தூக்கியும் நீலம் மாறவில்லை. "பாத்தீங்களா, கை எழும்பவே இல்லன்னு இதுவே சொல்லுது" என்று பட்டையைக் கழற்றிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் சந்தேகப்பட்டு, கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்துப் பார்த்தேன். அட்சரசுத்தமாக மாறுகிறது! வழக்கம்போலத் தரையில் மல்லாந்துகொண்டுதானே சரிபார்த்தீர்கள்? மற்ற மனுஷர்கள் நாற்காலியில் உட்காருவார்கள் சாமி.

கோபத்துடன்,
மனைவி

ஜூன் 22

அன்பே,

படுத்துக்கொண்டுதான் செய்தேன். உன்னைத் தவிர யார் கண்டுபிடிப்பார்கள்? பூமி இழுப்பதை வைத்துத்தான் அது மேல் கீழ் அறிகிறது. படுத்தவனுக்கு ஒரு கணக்கு, உட்கார்ந்தவனுக்கு வேறு.

உட்கார்ந்து சரிபார்க்கலாம் என்றால் எந்த நாற்காலியும் காலியில்லை. ஒன்றைக் காலி செய்யப் போய், எனக்கே வெட்கமாகி, எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். பாதி ரேடியோக்களை எடுத்துக்கொள்ள அவரே யோசித்தார். இப்போது வீட்டில் பேசினால் எதிரொலிக்கிறது. திருத்திய பட்டையை அனுப்புகிறேன். நீ இல்லாமல் முடியவில்லை. வந்துவிடு.

உன்,
மெக்கானிக்

ஜூன் 28

அன்புள்ள என்னவருக்கு,

டிரைவர் முதலில் பட்டையைத் தொடவே மாட்டேன் என்றார். நான் கட்டிக் காட்டிய பிறகு, போனால் போகிறது என்று கையை நீட்டினார். வியர்த்து வழிந்தது. தோள் உயரத்தில் பச்சை வந்ததும் விளக்கைப் பார்க்கவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும்மா செஞ்சது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன். இந்த ஊரில் அந்த வார்த்தையை யாரிடமும் நான் சொன்னதில்லை. அன்று சாயங்காலமே விடுதியில் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் ஊர் மருத்துவமனையில் வேலை கேட்டிருக்கிறேன், கிடைக்கும் வரை ரயிலில் போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

பக்கத்தில் நின்ற நர்ஸுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? எத்தனை வருஷமாச்சு?" என்றாள்.

"பத்து" என்றேன். தனியாக இருந்த வருஷத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

உங்கள்,
மனைவி