அந்தத் தலையாட்டல்

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

பதினொரு மாதம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்று நேற்று எங்கள் உதவி மையத்தை வீடியோவில் அழைத்தீர்களே, அது என் மேசைக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை. அழைப்பெல்லாம் பதிவாகும், சொந்தப் பேச்சு கூடாது. அதனால்தான் "சொல்லுங்க சார்" என்றேன். கட்டிய கணவரை சார் என்றதற்குப் பக்கத்து மேசைக்காரி இன்னும் சிரிக்கிறாள்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர்தான், அதற்காக இப்படியா? பழுதை எழுவாய் பயனிலை பிசகாமல் ஒரு பக்கத்துக்குச் சொன்னீர்கள். கேமராவோ கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறி நிறையத் தூசி. "கீழே இருக்கிற வடிகட்டி மூடியை இடப்பக்கம் திருப்புங்க" என்றால் "யாருக்கு இடப்பக்கம்?" என்கிறீர்கள். அதே மாதிரி மூடியை என் கையில் வைத்துத் திருப்பிக் காட்டினேன். நீங்கள் திரையைப் பார்க்கவே இல்லை. வீட்டிலும் அப்படித்தானே இருந்தீர்கள்.

போனை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி அழைத்து, என் மேசையைக் கேளுங்கள். உள்ளே கிடக்கும் துணி நாறிவிடும்.

சண்டைக்காரி
(நீங்கள் வைத்த பெயர்தான்)


மார்ச் 9

என் சண்டைக்காரிக்கு,

மெஷின் ஓடுகிறது. சிக்கியிருந்தது என் நீலச் சட்டையின் பொத்தான்.

நேற்று பேச்சின் நடுவில் சத்தம் போனதும் பதறிவிட்டேன். நீ வாயைத் திறக்கிறாய், மூடுகிறாய், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தாளில் அம்புக்குறி வரைந்து காட்டினாய். அடியில் தட்டு வைக்கச் சொல்லி இரு கையையும் குவித்தாய். நான் அவசரப்பட்டபோது நெற்றியில் அடித்துக்கொண்டாய், அது எனக்கு நன்றாகவே பழகிய சைகை. ஒன்பது வருடத்தில் நீ சொன்னதை முதல் தடவையிலேயே நான் சரியாகச் செய்தது நேற்றுதான். உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்ததால்.

வெளியூரில் வேலை கிடைத்ததாக நீ வந்து சொன்ன அன்று, "போகணும்னா போ" என்றேனே, அப்போது என் முகத்துக்கு முன்னால் திருத்த வேண்டிய தாள் இருந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் அந்த வார்த்தையை நீ நம்பியிருக்க மாட்டாய். மறைத்தது நான்தான்.

இன்னொன்று. மூடியை மாட்டி முடித்ததும், எப்படியும் உனக்குக் கேட்காது என்ற தைரியத்தில், "நான் அங்கேயே வந்துடட்டுமா?" என்றேன். நீ தலையாட்டினாய். அது எனக்கா, மூடிக்கா? இன்று மட்டும் நான்கு பக்கத்தில் பிழையைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

உன் சார்


மார்ச் 15

அன்பான சாருக்கு,

மூடிக்குத்தான்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. என் கண் அப்போது தட்டில் வழிந்த தண்ணீர் மேல் இருந்தது. கடிதம் வந்த பிறகு மேலாளரம்மாவிடம் போய், சத்தமில்லாத அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும் என்றேன். தனியாக விடாமல் அவரும் கூட உட்கார்ந்தார்.

"கஸ்டமர் என்னம்மா சொல்றாரு?"

"தண்ணி வடிஞ்சிருச்சுன்னு சொல்றாரு மேடம்."

"தண்ணி வடிஞ்சதுக்கா அவரு கண்ணு கலங்கியிருக்கு?"

அவர் எழுந்து போன பிறகு மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அன்றைக்குத் தாளுக்குப் பின்னால் இருந்ததும் இதே முகம்தானா? எட்டி அந்தத் தாளைப் பிடுங்கியிருக்கலாம். எனக்கும் ரோஷம், பெட்டியைத்தான் எடுத்தேன்.

வாருங்கள். இரண்டே அறைதான், குழாயில் காலையில் மட்டும் தண்ணீர் வரும். ஆனால் இந்தத் தெருவின் கடைப் பலகைகளில் உங்கள் ஆயுசுக்கும் போதுமான எழுத்துப் பிழை இருக்கிறது.

ஞாயிறு எனக்கு விடுமுறை. காலை ரயிலில் வலப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். போகிற திசையைப் பார்த்து வலப்பக்கம், மறுபடி கேட்காதீர்கள். நிலையத்துக்கு முந்தைய வளைவில் ரயில் மெதுவாகும். தண்டவாளத்தை ஒட்டி ஒரு மஞ்சள் கட்டடம், என் வீடு அதில்தான். மூன்றாம் மாடியில் நின்று தலையாட்டுவேன், அது உங்களுக்குத்தான்.

சண்டைக்காரி