என் மனைவியின் நோய்க்குப் பெயர் வேண்டாம்

அனுப்புநர்:
நோயாளியின் கணவன்,
லிஃப்ட் பழுதுபார்ப்பவன்,
மருத்துவமனைக்குப் பின்தெரு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
நோய்க்குறியீடு மற்றும் கட்டணப் பிரிவு,
பொது மருத்துவமனை.

பொருள்: என் மனைவியின் கோப்பில் உள்ள நோய்க்குறியீட்டை மீண்டும் "எதிர்ப்புச் சக்திக் கோளாறு – வகைப்படுத்தப்படாதது" என்றே மாற்றித் தரவும், அதன்பின் அந்தக் கோப்பை யாரும் தொடாமல் இருக்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பிரிவுக்கு வரும் மனுக்கள் பெரும்பாலும் கட்டணம் நிராகரிக்கப்பட்டது பற்றியே இருக்கும். என் மனு அப்படிப்பட்டதல்ல. குறியீடு மாறியதிலிருந்து தாங்கள் அனுப்பிய எல்லாவற்றையும் காப்பீட்டு நிறுவனம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டது. என் குறை வேறு. பாதியில் தங்களுக்குச் சிரிப்பு வந்தாலும் மீதியையும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. என் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். மூட்டுவலி, காய்ச்சல், காரணமில்லாத தடிப்பு என்று மாறி மாறி வந்ததால் தங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தேன். எல்லாப் பரிசோதனையும் செய்த பெரிய டாக்டர், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிறது, ஆனால் இன்ன நோய் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார். அதனால்தான் கோப்பில் "வகைப்படுத்தப்படாதது" என்று குறிக்கப்பட்டது. அந்தப் பெயரில்லாத நோயோடு அவள் நன்றாகவே காலம் தள்ளினாள். முடியாத நாளில் படுத்துக்கொள்வாள். முடிந்த நாளில் தையல் மெஷின் சத்தத்தில் நான் பேசுவது அவளுக்குக் கேட்காது. கேட்டாலும் கேட்காத மாதிரி இருப்பாள்.

3. வகைப்படுத்தப்படாத நோய்க்குத் தொடர்ந்து பணம் தர இயலாது என்று காப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்பியது. தங்கள் பிரிவில் குறியீடு போடும் அம்மையாரை எல்லாரும் கண்ணாடியக்கா என்பார்கள். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "பேர் இல்லாத நோய்க்கு யாரு தம்பி காசு குடுப்பாங்க? கிட்டத்தட்ட ஒத்துப்போற மாதிரி ஒண்ணு போட்டுடுறேன்." குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோயைப் போட்டார். அப்படி ஒரு தொந்தரவு அவளுக்கு அதுவரை இருந்ததே இல்லை. ஒப்புதல் வந்த வாரம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டுக் கையைக் காட்டினாள். விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. ஊசியால் குத்தியும் அவளுக்குத் தெரியவில்லை.

4. பெரிய டாக்டர் சந்தோஷப்பட்டார். "இப்பத்தான் கொஞ்சம் பிடிபடுது" என்றார். அடுத்த கட்டணச் சீட்டில் கண்ணீர் வற்றிப்போகும் நோய் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. அதைப் பார்த்து, இது இவளுக்கு இல்லையே என்று நான்தான் சொன்னேன். அந்த மாதமே அவளுடைய அண்ணன் இறந்துபோனார். உடலை வைத்திருந்த பெட்டியின் மேல் விழுந்து வாய்விட்டு அழுதாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே கல்நெஞ்சுக்காரி என்றார்கள். வீடு திரும்பும்போது, "அண்ணனும் அப்படித்தான் நெனச்சிருக்குமோ?" என்று என்னைக் கேட்டாள்.

5. நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல, ஐயா. யாரும் பட்டனை அழுத்தாமல் லிஃப்ட் ஒரு மாடியில் வந்து நின்றால் குடியிருப்பவர்கள் பயப்படுவார்கள். நான் ஒயரைத் தேடுவேன். இதையும் அப்படித்தான் தேடினேன். ஒவ்வொரு முறையும் குறியீடுதான் முதலில் வந்திருக்கிறது, நோய் அதன் பின்னால் வந்திருக்கிறது. நோய் முன்பே உள்ளே ஒளிந்திருந்திருக்கும் என்று டாக்டர் சமாதானம் சொன்னார். கண்ணாடியக்காவிடம் போய், இரண்டாவதை ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொதல்ல போட்டது நான்தான் தம்பி. அதுக்கப்புறம் எதுவும் நான் போடல. சாப்பிட்டுட்டு வந்து பாத்தா கட்டம் நிரம்பியிருக்கு." அவருடைய கணினியை வேறு யாரும் தொடுவதில்லை என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் இப்போது எலும்பு முறிவுப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே முதலில் ஆள் கீழே விழுகிறான், பிறகுதான் குறியீடு, அதனால் நிம்மதி என்கிறார்.

6. நேற்று தங்கள் பிரிவிலிருந்து முன்கூட்டிய ஒப்புதல் கடிதம் ஒன்று வந்தது. எதிர்ப்புச் சக்தி மூளையைத் தாக்கும் நோய்க்கு, வரும் ஒன்றாம் தேதி முதல் சிகிச்சை அளிக்கலாம் என்று அதில் இருக்கிறது. வீட்டு மனிதர்களை அடையாளம் தெரியாமல் போவது அதன் அறிகுறிகளில் ஒன்றாம். கடிதத்தைப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். தான் அப்படி எதுவும் எழுதித் தரவில்லை என்றார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த முறை சந்தோஷப்படவில்லை. ரத்து செய்யத் தங்கள் கையெழுத்து வேண்டும் என்று கவுன்ட்டரில் சொன்னார்கள்.

7. மற்றவர்கள் தங்கள் கோப்பு நகர வேண்டும் என்று நடையாய் நடப்பார்கள். என் மனைவியின் கோப்பு நகராமல் கிடக்க வேண்டும் என்று நான் கெஞ்சுகிறேன். வைத்த பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு, வகைப்படுத்தப்படாதது என்று போட்டு, அலமாரியில் அடித்தட்டில் தள்ளிவிடுங்கள். இனி ஆகும் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

8. இதுவரை எழுதி முடித்து, நோயாளியின் ஒப்பமும் வேண்டும் என்பதால் தாளை அவளிடம் நீட்டினேன். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இருந்தேன். அவள் படித்துப் பார்க்கவில்லை. காட்டிய இடத்தில் வழக்கம்போல் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவை மூடி என்னிடம் கொடுத்து, அன்பாகத்தான் சொன்னாள்: "எனக்காக இவ்ளோ நேரம் உக்காந்து எழுதியிருக்கீங்க, பாவம். இருட்டப் போகுது, கெளம்புங்க. உங்க வீட்ல தேடுவாங்க."

நான் கிளம்பவில்லை. வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கடைசிப் பத்தியைச் சேர்க்கிறேன். ஒன்றாம் தேதி வரை பார்க்காமல், இந்த மனு கைக்கு வந்தவுடனே ஆவன செய்யும்படி தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: எங்கள் வீடு
நாள்: மாதக் கடைசி வெள்ளிக்கிழமை

(ஒப்பம்)
நோயாளி

(ஒப்பம்)
நோயாளியின் கணவன்